இணைப்பும் காப்பும்

நுழையும்முன்

கணினியோடு ஒரு கருவியை இணைப்பது இன்று நொடிப்பொழுது வேலை. பென்டிரைவ், அலைபேசி, அச்சுப்பொறி, விசைப்பலகை எதுவாயினும் செருகியவுடன் இயங்கத் தொடங்கிவிடுகிறது. இந்த எளிமை நமக்கு எவ்வாறு கிடைத்தது? அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? எளிமையையும் பாதுகாப்பையும் ஒருசேரப் பெற இயலுமா? தீப்பெட்டித் தொழிலால் பெயர் பெற்ற சாத்தூர் வட்டாரத்தின் பட்டறிவைத் துணைக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

தீக்குச்சி கற்பித்த பாடம்

வைப்பாற்றங்கரையில் அமைந்த ஊர் சாத்தூர். வடமேற்கே சிவகாசியும் தெற்கே கோவில்பட்டியும் உள்ளன. இம்மூன்று ஊர்களைச் சூழ்ந்த நிலம் மழை குறைந்த கரிசல் காடு. உழவை மட்டுமே நம்பி வாழ இயலாத அம்மண்ணின் மக்களுக்குப் பல்லாண்டுகளாகச் சோறிட்டு வருவது தீப்பெட்டித் தொழில். 1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று அத்தொழிலைக் கற்று வந்தனர். பின்னர் அது வட்டாரமெங்கும் பரவியது. குச்சி அடுக்குதலும் பெட்டி ஒட்டுதலும் இங்குள்ள பல குடும்பங்களின் அன்றாட வேலைகளாயின.

இங்கு உருவாகும் தீக்குச்சிக்குப் 'பாதுகாப்புத் தீக்குச்சி' என்று பெயர். நெருப்பைத் தரும் பொருளுக்கு இப்பெயர் எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழங்கிய தீக்குச்சிகளில் பற்றி எரிவதற்கு வேண்டிய மருந்து முழுவதும் குச்சியின் தலையிலேயே இருந்தது. சுவரிலோ கல்லிலோ செருப்பின் அடியிலோ, எங்கு உரசினாலும் தீப்பற்றும். அது பெரும் வசதியாகவே இருந்தது. ஆனால், சட்டைப்பைக்குள் உராய்ந்தாலும் அது தீப்பற்றியது. அதில் கலந்திருந்த வெண்பாஸ்பரஸ், தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்து உயிரையும் குடித்தது.

1844ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் குஸ்தாவ் எரிக் பாஷ் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் மருந்தை இரண்டாகப் பிரித்தார். பொட்டாசியம் குளோரேட்டுக் கலவையைக் குச்சியின் தலையில் வைத்தார். நச்சுத்தன்மை குறைந்த சிவப்புப் பாஸ்பரஸைத் தனியே உரசும் பரப்பில் பூசினார். அப்பரப்பே இன்று நாம் காணும் தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டை. குச்சி தனியாக இருக்கும்வரை ஆபத்தில்லை. பட்டை தனியாக இருக்கும்வரையும் ஆபத்தில்லை. ஒருவர் விரும்பி உரசும்போது மட்டுமே தீ பிறக்கும். வெண்பாஸ்பரஸைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்பாடு 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவானது. இந்தியாவில் 1913ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

இம்மாற்றத்தால் மக்கள் இழந்தது மிகச் சிறிய வசதியே. 'எங்கும் உரசலாம்' என்ற நிலை மாறி, 'பெட்டியில் மட்டும் உரசலாம்' என்றானது. ஆனால் கிடைத்த நன்மையோ பெரிது. தொடுவதற்கும் பற்றுவதற்கும் நடுவே, மனிதர் தெரிந்து செய்யும் ஒரு செயல் வைக்கப்பட்டது. கணினியோடு வெளிக்கருவிகளை இணைக்கும் முறைக்கும் இத்தகைய ஒரு பட்டை வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

செருகினால் இயங்கும்

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கணினியோடு ஒரு கருவியை இணைப்பது எளிதன்று. அச்சுப்பொறிக்கு ஒரு துளை, சுட்டிக்கு வேறொரு துளை, விசைப்பலகைக்கு மற்றொன்று எனத் தனித்தனி இணைப்புகள் இருந்தன. பல நேரங்களில் கணினிப் பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் சிறு பொத்தான்களை மாற்றியமைத்து, மீண்டும் கணினியை இயக்க வேண்டியிருந்தது. தொழில்நுட்பம் அறிந்தோர் மட்டுமே செய்யக்கூடிய வேலையாக அது இருந்தது.

1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இயங்குதளம், செருகியவுடன் கருவியை அடையாளம் காணும் முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. 1996 சனவரியில் யு.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறையின் முதல் வடிவம் வெளியிடப்பட்டது. அதனை உருவாக்கிய குழுவில் முதன்மைப் பங்காற்றியவர் இந்தியாவில் பிறந்து, பரோடாவில் பொறியியல் பயின்ற அஜய் பட். வீட்டிலுள்ளோர் அச்சுப்பொறியை இணைக்கப் பட்ட பாட்டைக் கண்டதும் அவரது முயற்சிக்கு ஒரு தூண்டுதலாயிற்று.

தொடக்கம் முழுமையாக வெற்றி பெற்றுவிடவில்லை. 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98 கணினியில் ஒரு வருடியைச் செருகிக் காட்டியபோது, பார்வையாளர் முன்னிலையிலேயே கணினி செயலிழந்து நீலத்திரை தோன்றியது. அரங்கம் சிரித்தது. எனினும் சில ஆண்டுகளில் குறைகள் களையப்பட்டன. கணினி அறியாத எளியோரும் கருவிகளை இணைக்கும் நிலை வந்தது.

இவ்வசதியை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் அச்சுப்பொறி இல்லாத மாணவர் பென்டிரைவில் செயல்திட்டத்தைச் சேமித்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குச் செல்கிறார். இ-சேவை மையத்தில் சான்றிதழ்கள் பதிவேற்றப்படுகின்றன. நாட்காட்டிக்கும் குறிப்பேட்டுக்கும் பெயர் பெற்ற சிவகாசி அச்சகங்கள் வடிவமைப்புகளைக் கோப்புகளாகப் பெற்று அச்சிடுகின்றன. செருகினால் இயங்கும் எளிமை இல்லையேல் இத்தனை பேரின் வேலையும் தடைப்படும். ஆகவே, பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் இவர்களை மறந்து பேசுதல் கூடாது.

நம்பிக்கையின் விலை

செருகிய நொடியில் என்ன நிகழ்கிறது? கணினி அக்கருவியிடம், 'நீ யார்?' என்று கேட்கிறது. 'நான் சேமிப்புக் கருவி' என்றோ, 'நான் விசைப்பலகை' என்றோ அது விடையளிக்கிறது. கணினி பொதுவாக அவ்விடையை அப்படியே நம்பி, அதற்குரிய கதவைத் திறந்துவிடுகிறது. விடை உண்மைதானா என்று சரிபார்ப்பதில்லை. எளிமையின் வேர் இந்த நம்பிக்கையே. ஆபத்தின் வேரும் இதுவே.

2014இல் செருமனியைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ஆகிய ஆய்வாளர்கள் இதனை உலகுக்கு விளக்கிக் காட்டினர். பென்டிரைவின் உள்ளே அதனை இயக்கும் சிறு நிரல் ஒன்று உண்டு. அதனை மாற்றி எழுதினால், பார்வைக்குப் பென்டிரைவாகத் தோன்றும் கருவி கணினியிடம் தன்னை விசைப்பலகை என்று கூறிக்கொள்ளும். பிறகு, கண்ணுக்குத் தெரியாத விரல்கள் தட்டுவதுபோல அதுவே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். கணினியோ அதன் உரிமையாளரே தட்டுவதாக எண்ணிக் கீழ்ப்படியும்.

இதற்கு முன்பே உலகம் வேறொரு பாடத்தைக் கற்றிருந்தது. வைரஸ் என்று பொதுவாக நாம் குறிப்பிடும் தீநிரல்களுள் ஸ்டக்ஸ்நெட் என்பது 2010இல் கண்டறியப்பட்டது. ஈரான் நாட்டின் அணுச்செறிவூட்டும் ஆலையின் இயந்திரங்களைக் குறிவைத்து அது உருவாக்கப்பட்டிருந்தது. இணையத்தோடு தொடர்பற்ற கணினிகளையும் சென்றடைய அது பென்டிரைவைப் பயன்படுத்தியது. உள்ளிருக்கும் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. பென்டிரைவில் உள்ள படக்குறிகள் திரையில் தோன்றினாலே தொற்றிக்கொள்ளும். குறி ஈரானாக இருந்தும் தீநிரல் அங்கேயே நின்றுவிடவில்லை. ஈரான், இந்தோனேசியா ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மிகுதியான கணினிகள் பாதிக்கப்பட்ட நாடாக இந்தியா இருந்தது. யாரோ யாருக்கோ வைத்த தீயில் நம் கூரையும் பற்றியது எனலாம்.

தீக்குச்சிக்கும் தீநிரலுக்கும் இடையே ஒரு வேறுபாட்டை இங்கே மறந்துவிடக் கூடாது. தீ பற்றினால் புகை எழும். கண்டவர் ஓடிவந்து அணைப்பர். தீநிரல் புகைவதில்லை. ஜெராக்ஸ் கடைக் கணினி ஒன்றில் காலையில் நுழைந்தால், மாலைக்குள் அங்கு வந்துசென்ற பலரின் பென்டிரைவ்களிலும் அது ஏறிச் சென்றிருக்கும். ஒருவருக்கும் தெரியாது.

தடையே தீர்வாகுமா?

இவ்வளவு ஆபத்து உண்டெனில் வெளிக்கருவிகளை முற்றிலும் தடைசெய்துவிடலாமே என்று சிலர் கூறுவர். அதனைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 2008இல் மத்தியக் கிழக்கில் இருந்த அமெரிக்கப் படைத்தளம் ஒன்றில், மடிக்கணினியில் செருகப்பட்ட ஒரு பென்டிரைவ் வழியாக அந்நாட்டுப் படைத்துறையின் வலையமைப்புக்குள் தீநிரல் புகுந்தது. அவ்வாண்டு நவம்பரில் பென்டிரைவ் பயன்பாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. ஆயினும், 2010 பிப்ரவரியில் அத்தடை கட்டுப்பாடுகளுடன் தளர்த்தப்பட்டது. செல்வமும் தொழில்நுட்பமும் மிகுந்த படைத்துறைக்கே முழுத்தடையை நெடுங்காலம் தாங்க இயலவில்லை. அச்சகமும் இ-சேவை மையமும் எப்படித் தாங்கும்?

மற்றொரு சாரார், 'எல்லாம் பயன்படுத்துவோரின் கவனக்குறைவு. அறிவுரை கூறினால் போதும்' என்பர். இக்கருத்தையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென்டிரைவ்களை ஆங்காங்கே போட்டு வைத்தனர். அவற்றுள் 45 விழுக்காட்டுக்குக் குறையாதவை கணினியில் செருகப்பட்டு, உள்ளிருந்த கோப்புகள் திறக்கப்பட்டன. முதலாவது பென்டிரைவ் செருகப்பட ஆறு நிமிடங்கள்கூட ஆகவில்லை. 2016இல் வெளியான அந்த ஆய்வில் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவ்வாறு செருகியவர்களுள் பெரும்பாலோர் கூறிய காரணம், உரியவரைக் கண்டறிந்து ஒப்படைக்க வேண்டும் என்பதே. தீய நோக்கத்தாலோ அறியாமையாலோ மட்டும் இத்தவறு நேர்வதில்லை, நல்லெண்ணத்தாலும் நேர்கிறது. நல்லெண்ணம் உடையவரைத் தண்டிக்கும் ஒரு பொருளை நல்ல பொருள் என்று கூற முடியுமா?

கேட்டபின் நம்புதல்

அப்படியானால் பாதுகாப்பு எங்கே வைக்கப்பட வேண்டும்? பொருளின் உள்ளேயே வைக்கப்பட வேண்டும். தீக்குச்சி வாங்குவோர் அனைவரும் வேதியியல் கற்றிருக்க வேண்டியதில்லை. பெட்டியின் அமைப்பே அவர்களைக் காக்கிறது. கணினியும் அவ்வாறே அமைய வேண்டும்.

இது வெறும் விருப்பம் அன்று. நடந்து காட்டிய உண்மை. குறுந்தகட்டைச் செருகியவுடன் அதிலுள்ள நிரலைத் தானே இயக்கும் வசதி விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்தது. பின்னாளில் பென்டிரைவ் பரவியபோது, 2008இல் தோன்றிய கான்ஃபிக்கர் போன்ற தீநிரல்கள் அவ்வசதியையே பாதையாக்கிக்கொண்டன. அறிவுரைகள் பல கூறப்பட்டும் தொற்று குறையவில்லை. 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் பென்டிரைவுகளுக்கு அத்தானியக்கத்தை நிறுத்தும் மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அனுப்பியது. அதன்பின் அவ்வகைத் தொற்றுகள் பெருமளவு குறைந்தன. மக்கள் இழந்தது ஒரு சொடுக்கு. கோப்பைத் தாமே திறக்க வேண்டும், அவ்வளவே. பாஷ் தீக்குச்சியில் செய்த மாற்றம் கணினியில் மீண்டும் நிகழ்ந்தது.

நம் கையிலுள்ள அலைபேசியிலும் இதனைக் காணலாம். கணினியோடு இணைத்தவுடன், 'மின்னேற்றம் மட்டுமா? கோப்புகளையும் பகிரலாமா?' என்று பல அலைபேசிகள் கேட்கின்றன. ஆப்பிள் அலைபேசி 2013 முதல், 'இக்கணினியை நம்பலாமா?' என்று வினவுகிறது. அந்நிறுவனத்தின் புதிய மடிக்கணினிகளில் 2022இல் வந்த இயங்குதளம், முன்பின் அறியாத கருவி செருகப்பட்டால் உரிமையாளரின் இசைவைக் கேட்கிறது. நம் நாட்டிலும் இம்முயற்சி உண்டு. 2017 பிப்ரவரியில் நடுவண் அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா மையத்தின் வழியாக, 'யு.எஸ்.பி. பிரதிரோத்' என்னும் மென்பொருள் வெளியிடப்பட்டது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அம்மென்பொருள், இசைவு பெற்ற சேமிப்புக் கருவிகளை மட்டும் கணினியில் இயங்க விடும்.

ஆயினும், கேள்வி அளவோடு இருத்தல் வேண்டும். ஒவ்வொரு சொடுக்குக்கும் ஓர் எச்சரிக்கை தோன்றினால், மக்கள் படிக்காமலேயே 'ஆம்' என்று அழுத்திப் பழகிவிடுவர். பத்து முறை உரசினால்தான் பற்றும் என்றிருந்தால் பாதுகாப்புத் தீக்குச்சியை யார் வாங்கியிருப்பர்? புதிய கருவி முதன்முறை வரும்போது ஒரு கேள்வி. சேமிப்புக் கருவியாக வந்தது விசைப்பலகையாக மாறினால் ஒரு கேள்வி. அக்கேள்வி தமிழில், எவருக்கும் புரியும் சொற்களில் இருக்க வேண்டும். இவ்வமைப்பைக் கூடுதல் விலைக்கு விற்கும் தனிவசதியாக வைக்காமல், கணினியை வாங்கும்போதே இயல்பாக உள்ளடக்கித் தருவது உற்பத்தியாளரின் கடமை.

இடைவெளி என்னும் காவல்

எத்தனை கேள்விகள் கேட்டாலும் ஒருநாள் எங்கேனும் ஒரு தீப்பொறி நுழையத்தான் செய்யும். அது பரவாமல் தடுப்பது எப்படி? இதற்கும் இவ்வட்டாரத்திலேயே விடை உண்டு. பட்டாசு ஆலைகளில் வேலை ஒரே கட்டடத்தில் நடைபெறக் கூடாது. சிறுசிறு அறைகள், அவற்றிடையே போதிய இடைவெளி, ஒவ்வோர் அறைக்கும் வரையறுத்த மருந்தளவு, வரையறுத்த ஆள்கள் ஆகியவை சட்டப்படி வேண்டும். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இவற்றை வலியுறுத்துகின்றன. ஓர் அறையில் தீப்பற்றினாலும் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதே இதன் நோக்கம். விதி ஏட்டில் மட்டும் இருந்தால் என்னாகும் என்பதை இம்மண் கண்ணீரோடு அறியும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்து பல தொழிலாளர்களின் உயிரைப் பறித்தது.

கணினி உலகிலும் இடைவெளியே காவல். 2019 செப்டம்பரில், கூடங்குளம் அணுமின் நிலையத்துடன் தொடர்புடைய கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருப்பதை இந்தியக் கணினி அவசரநிலை மீட்புக் குழு தெரிவித்தது. இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அதனை உறுதிப்படுத்தியது. தொற்றுக்குள்ளான கணினி இணையத்தோடு இணைந்த நிருவாக வலையமைப்பைச் சார்ந்தது என்றும், முதன்மையான உள்வலையமைப்பு அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்றும் அது விளக்கியது. அந்நிகழ்வில் பென்டிரைவுக்குப் பங்கிருந்ததாகக் கூறப்படவில்லை. எனினும், பிரித்து வைத்தலின் பயனுக்கு அது சான்றாகும். அதேவேளையில், பிரித்து வைத்த வலையமைப்பையும் ஒரு பென்டிரைவ் எட்டிவிடும் என்பதை ஸ்டக்ஸ்நெட் காட்டிவிட்டது. ஆகவே, இடைவெளியைக் கடந்து செல்லும் கருவியின்மீதே நம் கண் இருத்தல் வேண்டும்.

இம்முறையைச் சிறு கடைகளும் பின்பற்றலாம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவைச் செருகுவதற்கென்று ஒரு பழைய கணினியை ஒதுக்கலாம். கணக்கும் வங்கிப் பரிமாற்றமும் வாடிக்கையாளர் விவரங்களும் உள்ள கணினியை அதனோடு சேர்க்காமல் தனியே வைக்கலாம். பள்ளிக் கணினி ஆய்வகங்களிலும் இவ்வாறு ஒரு கணினி இருப்பது நலம்.

நம் கையில் உள்ளவை

பொருளைச் செவ்வனே அமைப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு. கட்டமைப்பைப் பிரித்து வைப்பது நிறுவனங்களின் பொறுப்பு. மாணவர்களாகிய நமக்கும் சில பொறுப்புகள் உண்டு. கண்டெடுத்த பென்டிரைவை நம் கணினியில் செருகாமல் ஆசிரியரிடமோ அலுவலகத்திலோ ஒப்படைக்கலாம். நல்லெண்ணம் நிறைவேற அதுவே பாதுகாப்பான வழி. பொது இடங்களில் உள்ள யு.எஸ்.பி. துளைகள் வழியாக அலைபேசியின் தரவுகள் களவாடப்படக்கூடும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு எச்சரிக்கிறது. பேருந்து நிலையத்தில் மின்னேற்ற வேண்டுமாயின் நம் சொந்த மின்னேற்றியைச் சுவரிலுள்ள மின்செருகியில் பொருத்திக்கொள்வது நன்று. அச்சிடச் செல்லும்போது தேவையான கோப்பை மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம். மதிப்பெண் சான்றிதழும் ஆதார் அட்டையும் குடும்பப் படங்களும் அதில் உடன் செல்ல வேண்டியதில்லை. அச்சிட்டு முடிந்ததும் கடைக் கணினியில் தங்கிய படியை நீக்கிவிடுமாறு தயங்காமல் கேட்கலாம். 'இக்கருவியை நம்பலாமா?' என்று திரை கேட்கும்போது, ஒருமுறை நின்று படித்துப் பின் விடையளிக்கலாம்.

இவற்றுள் ஒன்றேனும் பெரும் உழைப்பைக் கேட்கவில்லை. வசதியைத் துறக்கச் சொல்லவுமில்லை. எங்கும் உரசிப் பற்றவைத்த காலத்திலிருந்து பெட்டியில் மட்டும் உரசும் காலத்துக்கு மக்கள் மாறியபோது, தீயின் பயன் சிறிதும் குறைந்துவிடவில்லை. அடுப்பு எரிந்தது, விளக்கு எரிந்தது, வீடு எரிவது குறைந்தது. நாளை கணினிகளையும் கருவிகளையும் வடிவமைக்கப் போகிறவர்களுள் இன்று பதினொன்றாம் வகுப்பில் பயிலும் உங்களில் சிலரும் இருப்பீர்கள். இணைப்பு எளிதாக இருக்கட்டும்; அதற்கு முன்னே ஓர் இசைவும் இருக்கட்டும். அந்த ஓர் உரசலுக்கு இடம் வைத்து உங்கள் கருவிகளைப் படையுங்கள்.